சினத்தின் வேர் அச்சமா?

கேரளத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஊர் பாறசாலை. வேலைக்கும் படிப்பிற்குமாக நாள்தோறும் திருவனந்தபுரம் சென்று திரும்புவோர் அங்கே ஏராளம். மாலை ரயில் வந்து நின்றதும் நிலையத்திற்கு வெளியே தந்தையர் பலர் இருசக்கர வாகனங்களுடன் காத்திருப்பது வழக்கமான காட்சி.

அப்படிக் காத்திருந்த ஒரு தந்தையை எண்ணிப் பார்ப்போம். ரயில் வந்துவிட்டது, கல்லூரியில் படிக்கும் மகள் அதில் இல்லை. கைபேசியில் அழைத்தால் இணைப்புக் கிடைக்கவில்லை. மழை வலுக்கிறது. ஒரு மணி நேரம் கழிகிறது. இதற்குள் அவர் மனம் காணாத விபத்தில்லை, வேண்டாத தெய்வமில்லை. மகள் பத்திரமாக வந்து சேர்ந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று மகாதேவரிடம் மன்றாடுகிறார். அப்போது பேருந்திலிருந்து மகள் இறங்கி வருகிறாள். ரயிலைத் தவறவிட்டாள், கைபேசியில் மின்னூட்டம் தீர்ந்துவிட்டது. நடந்தது அவ்வளவே.

வேண்டிய வரம் கிடைத்துவிட்டது. ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது நன்றியன்று. "எங்கே போய்த் தொலைந்தாய் இவ்வளவு நேரம்?" என்று பலர் முன்னிலையில் சீறினார். வீடு சேரும்வரை வசை ஓயவில்லை. மகள் அழுதுகொண்டே படுத்துவிட்டாள். அவருக்கும் அன்றிரவு உணவு இறங்கவில்லை.

இந்தச் சினம் எங்கிருந்து வந்தது? மகள்மீது அவருக்கு வெறுப்பு இல்லை. அவள் பெரிய குற்றம் எதுவும் செய்யவுமில்லை. ஒரு மணி நேரம் அவரை ஆட்டிப்படைத்தது அச்சம். அது நீங்க வேண்டிய நொடியில் சினமாக வெளிப்பட்டது. சாலைக்கு ஓடிய குழந்தையை இழுத்து அணைக்கும் தாய், அணைத்த கையாலேயே அடிப்பதும் இவ்வாறுதான். கடன் தவணை நெருங்கும் வாரத்தில் கடைச் சிப்பந்தியிடம் எரிந்துவிழும் வணிகரும், அறுவை சிகிச்சைக் கூடத்தின் வாசலில் செவிலியரிடம் சண்டையிடும் உறவினரும் இவருடைய கூட்டத்தைச் சேர்ந்தவர்களே.

அச்சமும் வெகுளியும்

அச்சத்திற்கும் சினத்திற்கும் இடையே உள்ள உறவை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறும்போது அச்சம், வெகுளி ஆகிய ஒவ்வொன்றுக்கும் நான்கு களங்களை வகுக்கிறார். அச்சம் தெய்வம், விலங்கு, கள்வர், தம் இறைவன் ஆகியோரால் பிறக்கிறது. வெகுளி உறுப்பை அறுத்தல், குடியினரை நலிதல், அலைத்தல், கொலை ஆகியவற்றால் பிறக்கிறது. இவ்விரு வரிசைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். முதல் வரிசையில் இருப்பவை தீங்கு செய்ய வல்லவை. இரண்டாவது வரிசையில் இருப்பவை அந்தத் தீங்குகள். வரக்கூடும் என்று எண்ணும்போது அச்சமாக இருப்பது, வந்துவிட்டது என்று தோன்றும்போது சினமாகிறது. உயிர், உடல், உறவு, மானம் என்று 'எனது' எனப் பற்றிக்கொண்ட ஒன்றே இரண்டிற்கும் நிலைக்களம்.

பகவத்கீதை இரண்டாம் அத்தியாயத்தில் நிலைத்த அறிவுடையவனின் இலக்கணத்தைச் சொல்லும் இடத்தில் பற்று, அச்சம், சினம் மூன்றையும் ஒரே தொடராகச் சேர்த்து, இவை நீங்கியவனே முனிவன் என்கிறது. நான்காம் அத்தியாயத்திலும் இதே மூன்று இதே வரிசையில் வருகின்றன. பற்று இருக்கும் இடத்தில் அதை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் இருக்கும். அந்த அச்சத்தைத் தொட்டவர் எவராயினும் அவர்மீது சினம் எழும்.

இதே உறவை உடலியலும் காட்டுகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உடலியல் பேராசிரியர் வால்ட்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட நூலில், அச்சத்தின்போதும் சினத்தின்போதும் உடலில் நிகழும் மாற்றங்கள் பெரிதும் ஒன்றே என்று விளக்கினார். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைந்து துடிக்கிறது, இரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது, செரிமானம் மந்தமாகிறது, தசைகளுக்குக் குருதி பாய்கிறது. ஓடுவதற்கும் போரிடுவதற்கும் உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் ஒன்றுதான். ஓட வழியில்லாதபோது அதே ஆயத்தம் போராக வெளிப்படுவதில் வியப்பில்லை.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறி கையேடு, நீடித்த பதற்ற நோய்க்கு ஆறு அடையாளங்களைக் குறிப்பிடுகிறது. அமைதியின்மை, எளிதில் களைப்படைதல், மனம் குவியாமை, தசை இறுக்கம், உறக்கக் குறைவு ஆகியவற்றோடு எரிச்சலும் அவற்றுள் ஒன்று. 'இவர் முன்கோபி' என்று குடும்பத்தார் ஒதுக்கிவைத்த ஒருவர், உண்மையில் பல மாதங்களாகப் பதற்றத்தால் துன்புறுபவராக இருக்கக்கூடும்.

மனம் ஏன் இந்த மாற்றத்தைச் செய்கிறது? பதற்றத்திற்கு உருவம் இல்லை. அது நாளை நடக்கக்கூடியதைப் பற்றியது. இன்று அதன்மேல் செய்யத்தக்கது எதுவும் இல்லை. சினத்திற்கோ ஓர் இலக்கு உண்டு. செய்வதற்கு ஏதோ ஒன்று உண்டு. மேலும், 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்வது தாழ்வாகத் தோன்றுகிறது. சினந்து பேசுவது வலிமையாகத் தோன்றுகிறது. ஆகவே கையறுநிலையைத் தாங்க இயலாத மனம் அதைச் சினமாக மாற்றிக்கொள்கிறது. மாற்றிக்கொண்ட பின்னர், அடியில் அச்சம் இருந்ததையே மறந்தும்விடுகிறது.

நெய்யாற்றின்கரையின் பலாமரம்

இவ்வுண்மைக்குப் பெரியதொரு சான்று பாறசாலைக்கு அருகிலேயே இருக்கிறது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப் பிலாவு' என்ற பழம்பெரும் பலாமரத்தின் பட்டுப்போன அடிமரம் பாதுகாக்கப்பட்டு வருகிறது. உள்ளே ஓர் ஆள் நிற்கக்கூடிய பொந்து உண்டு. பின்னாளில் திருவிதாங்கூரின் மன்னரான மார்த்தாண்ட வர்மர், இளவரசராக இருந்த காலத்தில், தம்மைக் கொல்ல வந்தவர்களிடமிருந்து அந்தப் பொந்தில் ஒளிந்து உயிர்தப்பினார் என்பது மரபு.

அன்று எட்டுவீட்டில் பிள்ளைமார் என்னும் நிலப்பிரபுக்கள் அரச அதிகாரத்தை எதிர்த்து நின்றனர். முந்தைய மன்னரின் புதல்வர்களான தம்பிமார் அரியணைக்கு உரிமை கோரினர். இளவரசர் ஊர் ஊராக மறைந்து திரிய வேண்டியிருந்தது. யார் நண்பர், யார் பகைவர் என்றறியாத வாழ்க்கை அது. சி.வி. ராமன் பிள்ளை 1891-இல் வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா' என்னும் மலையாள நாவல் இந்தக் காலத்தையே களமாகக் கொண்டது.

1729-இல் மார்த்தாண்ட வர்மர் அரியணை ஏறினார். அச்சுறுத்தியவர்கள் வீழ்ந்தனர். தம்பிமார் கொல்லப்பட்டனர், பிள்ளைமார் மரண தண்டனை பெற்றனர். அரசைக் காக்கச் செய்த செயல்கள் இவை என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் அத்துடன் அது நிற்கவில்லை. பி. சங்குண்ணி மேனோன் 1878-இல் வெளியிட்ட திருவிதாங்கூர் வரலாற்றில், பிள்ளைமாரின் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் கடற்கரை மீனவரிடம் அடிமைகளாக விற்கப்பட்டனர் என்று எழுதுகிறார். அந்தக் குழந்தைகள் எந்தச் சதியில் பங்கு பெற்றார்கள்?

அச்சத்தில் பிறந்த சினத்தின் தன்மை இங்கே தெளிவாகிறது. அது அச்சம் தந்தவரோடு நிற்பதில்லை. கைக்கு எட்டியவர்மீதெல்லாம் பாய்கிறது. எதிர்க்க வலிமையில்லாதவர்மீது இன்னும் எளிதாகப் பாய்கிறது. பாறசாலைத் தந்தையை அச்சுறுத்தியவை மழையும் இருளும் அறியாமையும். அடிபட்டவள் மகள். மன்னனுக்கும் குடியானவனுக்கும் அளவில்தான் வேறுபாடு; மனத்தின் போக்கில் இல்லை.

1750-ஆம் ஆண்டு மார்த்தாண்ட வர்மர் தம் அரசு முழுவதையும் ஸ்ரீபத்மநாப சுவாமியின் திருப்படியில் ஒப்படைத்து, 'பத்மநாப தாசர்' என்ற பெயரை ஏற்றார். நெய்யாற்றின்கரைக் கோயிலை எழுப்பியவரும் அவரே. அரசியல் காரணங்கள் அந்தச் சமர்ப்பணத்தில் இருந்தன என்பார் உண்டு. அதற்குப் பிறகும் அவர் போர்களைக் கைவிட்டுவிடவில்லை. ஆயினும் அந்தச் சடங்கின் உட்பொருள் சிந்திக்கத்தக்கது. 'எனது' என்று பிடித்திருந்தவன் 'என்னுடையது அன்று, என்னிடம் ஒப்படைக்கப்பட்டது' என்று சொல்லும் நிலை அது. காவலன் கடமையைச் செய்வான்; உடைமையாளனுக்குரிய நடுக்கம் அவனுக்கு இருக்க வேண்டியதில்லை.

எல்லை அடைபட்ட நாள்கள்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. மாநில எல்லை பிரிந்தாலும் குடும்பங்கள் பிரியவில்லை. பெண் கொடுத்தது ஒருபுறம், எடுத்தது மறுபுறம் என்றே வாழ்க்கை தொடர்கிறது. இந்தப் பக்கத்தார் சந்தைக்குக் களியக்காவிளை செல்வர். அந்தப் பக்கத்தார் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கு வருவர்.

2020 மார்ச் இறுதியில் கொரோனா ஊரடங்கு வந்தபோது, அதுவரை எவரும் பொருட்படுத்தாத அந்தக் கோடு மதிலாயிற்று. மே மாதத்தில் வெளிமாநிலங்களிலிருந்து கேரளத்திற்குத் திரும்புவோருக்காகத் திறக்கப்பட்ட ஆறு நுழைவாயில்களுள் பாறசாலையை அடுத்த இஞ்சிவிளையும் ஒன்று. 'அக்கரையிலிருந்து நோய் வருகிறது' என்ற அச்சம் இரு புறத்திலும் பேசப்பட்டது. நேற்றுவரை உறவினராக இருந்தவர் இன்று நோயைச் சுமப்பவராகத் தோன்றினார்.

அவ்வாண்டு ஜூலையில் திருவனந்தபுரத்தின் பூந்துறைக் கடற்கரையில் தொற்று வேகமாகப் பரவியது. கடுமையான கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. கடலுக்குச் செல்ல இயலவில்லை. அத்தியாவசியப் பொருள்களுக்கும் தட்டுப்பாடு. ஊர்ப்பெயரைச் சொன்னாலே பிறர் விலகினர். ஜூலை 10 அன்று மக்கள் தெருவில் இறங்கினர். பரிசோதனைக்கு வந்த சுகாதாரக் குழுவினரின் வாகனத்தைச் சூழ்ந்து சினந்தனர். காக்க வந்தவரே அன்று பகைவராகத் தெரிந்தனர்.

இந்நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்கது அதன் தொடர்ச்சி. ஊர்ப்பெரியவர்களும் ஆலயத்தாரும் அதிகாரிகளும் மக்களிடம் பேசினர். குறைகள் கேட்கப்பட்டன. இரண்டு நாள்களுக்குப் பிறகு அதே பூந்துறையில் சுகாதாரப் பணியாளர்கள்மீது மக்கள் மலர் தூவி வரவேற்றனர். நோய் அதற்குள் நீங்கிவிடவில்லை. ஜூலை 17 அன்றுதான் பூந்துறையிலும், நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த புல்லுவிளையிலும் சமூகப் பரவல் ஏற்பட்டுவிட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். ஆபத்து கூடிய நாள்களிலேயே சினம் குறைந்தது. ஆபத்துக்கும் சினத்திற்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பது இதனால் விளங்கும். 'நம்மைக் கேட்பார் எவருமில்லை' என்ற அச்சமே சினத்தை வளர்த்தது. கேட்கப்பட்டோம் என்ற உணர்வே அதைத் தணித்தது.

அருவிப்புறத்தின் பாடம்

இங்கு ஒரு நியாயமான கேள்வி எழும். எல்லாச் சினமும் அச்சத்தில்தான் பிறக்கிறதா? அநீதியைக் கண்டு எழும் சினமும் அவ்வாறானதா? அந்தச் சினம் இல்லாவிட்டால் கொடுமையை எதிர்ப்பவர் யார்?

அச்சமின்றியும் சினம் எழுவதுண்டு; ஆணவத்தால் எழுவதுண்டு; பிறர் படும் துன்பம் பொறாமல் எழுவதுமுண்டு. ஆனால் அநீதியை எதிர்க்கச் சினம் இன்றியமையாதது என்ற முடிவை நெய்யாற்றின் கரையிலேயே ஒருவர் மறுத்துக் காட்டியிருக்கிறார்.

நெய்யாற்றின்கரை நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அதே ஆற்றின் கரையில் அருவிப்புறம் இருக்கிறது. தாழ்த்தப்பட்டோராக ஒதுக்கப்பட்ட மக்கள் அன்று கோயிலுக்குள் நுழைய இயலாது; தெய்வத்தைப் பிரதிஷ்டை செய்யும் உரிமையை எண்ணியும் பார்க்க இயலாது. 1888-ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில் ஸ்ரீநாராயண குரு ஆற்றில் மூழ்கி, ஒரு கல்லை எடுத்துவந்து, சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். நூற்றாண்டுகளின் அநீதிக்கு அது நேரடியான மறுப்பு. அந்தணரல்லாத ஒருவர் இதைச் செய்யலாமா என்று கேள்வி எழுந்தபோது, தாம் பிரதிஷ்டை செய்தது ஈழவச் சிவனையே என்ற பொருள்பட அவர் விடையளித்தார் என்பர். அந்த விடையில் வசை இல்லை. பணிவு வேண்டும் மன்றாட்டும் இல்லை. கேட்டவருக்கு மேற்கொண்டு சினக்கவும் இடமில்லை.

அவர் சினம்கொள்ளக் காரணம் இல்லாமலில்லை. ஆனால் இழந்துவிடுவோமோ என்று நடுங்கத்தக்க எதையும் அவர் தமக்கென்று வைத்திருக்கவில்லை. அதற்கு முன் மருத்துவாமலையின் குகையிலும் அருவிப்புறத்தின் காட்டிலும் தனித்துத் தவமிருந்தவர் அவர். எதிர்த்தவர்களோ தங்கள் உயர்வு பறிபோகும் என்று அஞ்சினர், அதனால் சினந்தனர். அவருடைய செயல் அந்தக் கரையோடு நின்றுவிடவில்லை. அருவிப்புறத்தில் தொடங்கிய சிறு அமைப்பே 1903-இல் ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகமாக வளர்ந்தது. 1936-இல் திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது.

ஒரே ஆற்றின் கரையில், அடுத்தடுத்த ஊர்களில், இந்த இரண்டு சான்றுகளும் நிற்கின்றன. பலாமரத்தின் பொந்தில் ஒடுங்கிய அச்சம் அதிகாரம் கைக்கு வந்ததும் குழந்தைகளையும் விட்டுவைக்கவில்லை. ஆற்றின் ஆழத்திலிருந்து கல்லெடுத்தவரின் செயல் எவரையும் காயப்படுத்தாமல் ஒரு வழக்கத்தை முறித்தது.

செய்யத்தக்கது யாது?

சினத்தின் அடியில் அச்சம் இருக்கிறது என்பது சினத்திற்கு விளக்கமே தவிர, மன்னிப்புச் சீட்டு அன்று. 'பயத்தில் அப்படிப் பேசிவிட்டேன்' என்று சொல்வதால் மகளின் அவமானம் மறைந்துவிடாது. அச்சம் வருவது ஒருவர் கையில் இல்லை; அதை யார்மீது இறக்கிவைக்கிறோம் என்பது பெரிதும் அவர் கையில் இருக்கிறது. அறம் தொடங்குவது அவ்விடத்தில்தான்.

எனவே முதற்பயிற்சி, எரிச்சல் தோன்றும்போது 'யார் குற்றவாளி?' என்று கேட்பதற்குமுன் 'எதைக் கண்டு அஞ்சுகிறேன்?' என்று தன்னையே கேட்பது. விடை பெரும்பாலும் எதிரில் நிற்பவராக இராது. அது வராத கடிதமாகவோ, மருத்துவப் பரிசோதனையின் முடிவாகவோ, முதுமையாகவோ இருக்கும். பெயர் தெரிந்த அச்சத்தின் பிடி சிறிது தளர்கிறது.

இரண்டாவது, அச்சத்தை அச்சமாகவே சொல்லப் பழகுவது. 'பயந்துவிட்டேன்' என்ற ஒரு சொல்லைச் சொல்ல வசைமொழியைக் காட்டிலும் அதிகத் துணிவு தேவைப்படுகிறது. தொல்காப்பியரின் வரிசையில் அச்சத்திற்கும் வெகுளிக்கும் நடுவே பெருமிதம் நிற்கிறது. கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்பவை அதன் களங்கள். அவர் கருத்து எதுவாயினும், அந்த இடவைப்பு நினைவில் கொள்ளத்தக்கது. அச்சத்திலிருந்து நேரே வெகுளிக்குத் தாவாமல், நடுவே நின்று தன் மதிப்பை நினைத்துக்கொள்ள ஓர் இடம் உண்டு.

மூன்றாவது, பிறர் சினத்தில் மறைந்திருக்கும் அச்சத்தைக் காண்பது. பூந்துறையில் தணிவைத் தந்தது எதிர்ச்சினமன்று, செவிசாய்த்தலே. வீட்டிலும் அலுவலகத்திலும் இதுவே பொருந்தும். கொடுமையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது இதன் பொருளன்று. கொடுமையை நிறுத்தும்போதும் எதிரில் இருப்பவரின் நடுக்கத்தை அறிந்து நிறுத்த வேண்டும் என்பதே.

பதற்றமும் உறக்கமின்மையும் எரிச்சலும் மாதக்கணக்கில் நீடிக்குமானால், மருத்துவரை நாடுவதில் தயக்கம் வேண்டியதில்லை. காய்ச்சலுக்கு மருந்துண்பது எவ்வாறு பக்திக் குறைவு அன்றோ, அவ்வாறே இதுவும்.

கீதை பதினாறாம் அத்தியாயத்தில் தெய்வ இயல்புகளை எண்ணும்போது அஞ்சாமையை முதலில் வைக்கிறது. சினமின்மை அதற்குப் பின்னரே வருகிறது. வேரில் நீர் வற்றினால்தான் கிளை வாடும். துறவு ஏற்பவர் எல்லா உயிர்களுக்கும் அபயம் அளிப்பதாக உறுதி கூறும் மரபும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. தன்னைக் கண்டு எவரும் அஞ்ச வேண்டாம் என்று சொல்லும் வாழ்வில் தனக்கும் அச்சம் குறைகிறது. இல்லறத்தாருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. குறைந்தது தம் வீட்டார் தம்மைக் கண்டு அஞ்சாதபடி வாழலாம்.

பாறசாலைத் தந்தை மறுநாள் காலையில் மகளிடம் என்ன சொல்லலாம்? நீண்ட விளக்கம் தேவையில்லை. "நேற்று நான் மிகவும் பயந்துவிட்டேன் மக்களே, உன்மேல் கோபமில்லை. அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசியது என் தவறு" என்று சொன்னால் போதும். அதன் பிறகு மகளும் அடுத்த முறை தாமதமாகும்போது, திட்டுக்கு அஞ்சி மறைக்காமல், யாரிடமாவது கைபேசி வாங்கியேனும் தந்தைக்குச் சொல்லிவிடுவாள்.